புள்ளி கூடினால் லாபம் கூடுமா?

பழையதைக் கொடுத்துவிட்டுப் புதியதை வாங்க வேண்டும் என்கிற ஆசை வியாபாரிகளுக்குப் புதிதல்ல. எலக்ட்ரானிக் தராசு, ஃபிரிட்ஜ், பில் போடும் கம்ப்யூட்டர் என்று நீளும் அந்த வரிசையில் இப்போது கேமராவும் சேர்ந்திருக்கிறது. ஸ்டூடியோ வைத்திருப்பவர்களுக்கும் ஆல்பம் அச்சிடுபவர்களுக்கும் இது தொழில் சாதனம். மளிகைக் கடைக்காரருக்கு என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. சொந்தப் பெயரில் மசாலாப் பொடி, அப்பளம், ஊறுகாய் பாக்கெட் போடுகிறவர்களுக்குப் பாக்கெட்டின் மேல் நல்ல படம் வேண்டும். ஆன்லைனில் விற்பவர்களுக்கு ஒவ்வொரு சரக்குக்கும் படம் வேண்டும். இவை தவிர, கல்யாண போட்டோ தொழிலுக்குப் போன பிள்ளைகள் கேமரா கேட்கும்போது, அந்தப் பணம் பல வீடுகளில் கடைக் கல்லாவிலிருந்துதான் போகிறது.

எனவே கேள்வியைத் தெளிவாக வைத்துக்கொள்வோம். கையில் ஏற்கெனவே ஒரு நல்ல ஃபுல் ஃபிரேம் கேமரா இருக்கிறது. அதைத் தள்ளிவிட்டு, மேலே ஒன்றரை லட்சமோ இரண்டு லட்சமோ போட்டு, மெகாபிக்சல் கூடுதலான புதிய கேமராவை வாங்குவது தகுமா? பெரும்பாலோருக்குத் தகாது, சிலருக்குத் தகும் என்பது என் கருத்து. அந்தச் சிலர் யார் என்பதையும், மற்றவர்களுக்கு ஏன் தகாது என்பதையும் வியாபாரக் கணக்காகவே பார்ப்போம்.

ஃபுல் ஃபிரேம் என்றால் என்ன?

பிலிம் ரோல் காலத்தில் ஒரு படச் சட்டத்தின் அளவு 36 மில்லிமீட்டர் அகலம், 24 மில்லிமீட்டர் உயரம். டிஜிட்டல் கேமராவின் உள்ளே படத்தை வாங்கும் சென்சாரும் அதே அளவில் இருந்தால் அது ஃபுல் ஃபிரேம். அந்தச் சென்சாரில் எத்தனை புள்ளிகள் இருக்கின்றன என்பதுதான் மெகாபிக்சல் கணக்கு. ஒரு மெகாபிக்சல் என்பது 10 லட்சம் புள்ளி. ஃபுல் ஃபிரேமில் 24 மெகாபிக்சல் என்பது சாதாரண வகை. 36க்கு மேல் போனால் அதிகப் புள்ளி வகை என்று சொல்லலாம். நாம் பேசுவது இந்த இரண்டாவது வகையைப் பற்றி.

கம்பெனிகளின் வரிசையே சொல்லும் சேதி

இந்த வகைக் கேமராக்கள் வந்த ஆண்டுகளை வரிசையாக எழுதிப் பார்த்தால் பாதி விஷயம் விளங்கிவிடும்.

நிக்கான் 2012இல் டி800 என்ற கேமராவைக் கொண்டுவந்தது. அதில் 36 மெகாபிக்சல். 2014இல் வந்த டி810இலும் 36தான். 2017இல் டி850 வந்தபோது அது 45.7 ஆக உயர்ந்தது. அடுத்த வருடம் கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் வகையில் வந்த இசட்7இலும் 45.7, 2020இல் வந்த இசட்7 இரண்டாம் பதிப்பிலும் அதே 45.7.

சோனியின் ஏ7ஆர் 2013இல் 36 மெகாபிக்சலுடன் வந்தது. 2015இன் இரண்டாம் பதிப்பில் 42. 2017இன் மூன்றாம் பதிப்பிலும் 42. 2019இன் நான்காம் பதிப்பில் 61. 2022இன் ஐந்தாம் பதிப்பிலும் 61.

கேனன் 2015இல் 5டிஎஸ் என்ற கேமராவில் 50 மெகாபிக்சல் கொடுத்தது. 2020இல் வந்த ஆர்5இல் 45 என்று குறைத்தே கொடுத்தது. 2024இல் வந்த ஆர்5 இரண்டாம் பதிப்பிலும் 45தான்.

ஆகவே பல முறை புதுப் பதிப்பு வந்தும் புள்ளி கூடவில்லை. கூடியிருப்பது வேறு அம்சங்கள். அவை நமக்கு வேண்டியவையா என்று பார்க்காமல், 'புதுசு வந்துவிட்டது, பழசு போதாது' என்று நினைப்பது, அதே துவரம்பருப்பைப் புதுப் பையில் பார்த்துவிட்டுக் கூடுதல் விலை கொடுப்பது போன்றது.

44 சதவீதம் என்பது உண்மையில் 20 சதவீதம்

புள்ளி கூடிய இடத்தையும் பார்ப்போம். 42 மெகாபிக்சல் கேமராவைக் கொடுத்து 61 மெகாபிக்சல் வாங்கினால் 44 சதவீதம் கூடுகிறது. கேட்பதற்கு நிறைய. ஆனால் படத்தின் அகலத்தைப் பாருங்கள். பழையதில் 7,952 புள்ளி, புதியதில் 9,504 புள்ளி. கூடியது சுமார் 20 சதவீதம்தான். ஒரு மனையின் நீளத்தையும் அகலத்தையும் ஐந்தில் ஒரு பங்கு கூட்டினால் பரப்பு 44 சதவீதம் கூடிவிடும் அல்லவா? அதே கணக்குத்தான். கண்ணுக்குத் தெரியும் நுணுக்கம் அகலக் கணக்கில்தான் வரும், பரப்புக் கணக்கில் வராது.

இதை அச்சுக் கணக்காகச் சொன்னால், அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற உயர்தர அச்சில் பழைய கேமராவின் படம் 26 அங்குல அகலத்துக்கு வரும். புதியதின் படம் 31 அங்குலத்துக்கு வரும். இந்த ஐந்து அங்குலத்துக்கு எந்த வாடிக்கையாளர் பணம் கொடுக்கப் போகிறார் என்பதே கேள்வி.

நமக்கு எத்தனை புள்ளி வேண்டும்?

பாக்கெட்டில் தொடங்குவோம். கால் கிலோ மிளகாய்த்தூள் பாக்கெட்டின் முகப்பில் 4 அங்குலத்துக்கு 6 அங்குலப் படம் போடுவதாக வைத்துக்கொள்வோம். அங்குலத்துக்கு 300 புள்ளி வைத்தாலும் 1,200க்கு 1,800. பெருக்கினால் 21 லட்சத்து 60 ஆயிரம் புள்ளி. அதாவது இரண்டு மெகாபிக்சலுக்குச் சற்று மேல். இதற்கு 42ஏ மிகமிக அதிகம்.

ஆன்லைன் விற்பனைக்கு, அமேசான் போன்ற தளங்களில் படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கும் வசதி வேலை செய்ய நீளமான பக்கம் 1,000 புள்ளி இருந்தால் போதும். வாங்குகிறவர் அதைக் கைபேசியின் சிறிய திரையில்தான் பார்க்கிறார்.

கடை வாசலில் 10 அடி அகல பிளக்ஸ் பேனர் வைக்கிறோம். 'இவ்வளவு பெரிய பேனருக்குப் பெரிய கேமரா வேண்டாமா?' என்று கேட்பார்கள். பத்தடி தூரத்தில் நின்று பார்க்கும் மனிதக் கண்ணால், ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டருக்கும் நெருக்கமான புள்ளிகளைப் பிரித்துப் பார்க்க முடியாது. பத்தடி என்பது சுமார் 3,050 மில்லிமீட்டர். எனவே அகலத்தில் மூவாயிரத்து ஐந்நூறு புள்ளி இருந்தாலே கண்ணுக்கு நிறைவு. சாலையில் போகிறவருக்கு அதுவும் வேண்டாம்.

கல்யாண ஆல்பத்துக்கு வருவோம். விரித்தால் 36 அங்குலம் வரும் ஆல்பத் தாளில் ஒரே படத்தை முழு அகலத்துக்குப் போட்டாலும், 42 மெகாபிக்சல் கேமராவில் அங்குலத்துக்கு 220 புள்ளி கிடைக்கிறது. 61இல் 264 கிடைக்கிறது. மடியில் வைத்துப் புரட்டுகிற சம்பந்தி வீட்டாருக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும். பெரும்பாலான பக்கங்களில் ஐந்தாறு படங்களைச் சேர்த்துப் போடுவதால் அங்கே இந்தக் கேள்வியே எழாது.

கேமராவோடு கூடவே வரும் செலவு

விலைப்பட்டியலில் தெரியாத செலவுகள் இருக்கின்றன. முதலாவது, படங்களைச் சேமிக்கும் இடம். சுருக்காத மூலப் படம் ஒன்று 42 மெகாபிக்சல் கேமராவில் சுமார் 84 மெகாபைட். 61இல் சுமார் 122 மெகாபைட். ஒரு கல்யாணத்தில் 3,000 படம் எடுத்தால் முன்பு 252 ஜிகாபைட் ஆனது இப்போது 366 ஜிகாபைட் ஆகும். ஒரு பிரதி போதாது, இரண்டாக வைக்க வேண்டும். சுருக்கிய வடிவில் வைத்தால் பாதியாகக் குறையும். ஆனால் இரண்டு கேமராவுக்கும் இடையிலான வித்தியாசம் அதே விகிதத்தில் நிற்கும். ஹார்ட் டிஸ்க், மெமரி கார்டு, கடைசியில் ஆல்பம் டிசைன் செய்யும் கம்ப்யூட்டர் என்று ஒன்றன்பின் ஒன்றாக மாற்ற வேண்டி வரும்.

இரண்டாவது, லென்ஸ். சென்சாரில் புள்ளி கூடினால் லென்ஸின் குறையும் கூடவே தெரியும். பழைய லென்ஸைப் புதிய கேமராவில் மாட்டி எடுத்தால் கொடுத்த பணத்துக்கு உரிய தெளிவு வராது. நிக்கான்காரர்களுக்கு இன்னொன்றும் உண்டு. டி850 போன்ற கேமராவில் இருக்கும் மோட்டார், பழைய டி வகை லென்ஸ்களையும் தானாக ஃபோகஸ் செய்யும். மிரர்லெஸ் இசட் கேமராவுக்கு மாறினால், எஃப்டிஇசட் என்ற இணைப்பு வளையம் வழியாக அந்த லென்ஸ்களை மாட்டலாம். ஆனால் தானாக ஃபோகஸ் ஆகாது, கையால் திருக வேண்டும். மணமேடை முன்னால் நின்று அது ஆகிற காரியமா? ஆகவே கேமராவோடு லென்ஸையும் மாற்ற வேண்டியதாகிவிடும்.

மூன்றாவது, சரக்குப் படம் எடுப்பவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டியது. ஊறுகாய் ஜாடியைக் கிட்டத்தில் வைத்து எடுக்கும்போது, முன்பக்கம் முதல் பின்பக்கம் வரை தெளிவாக இருக்க, லென்ஸின் துவாரத்தை எஃப் 11, எஃப் 16 என்று சுருக்குகிறோம். துவாரம் அவ்வளவு சுருங்கினால் ஒளி வளைந்து பரவி, ஒவ்வொரு புள்ளியும் சற்று மங்கும். இது ஒளியின் இயல்பு. எவ்வளவு விலை உயர்ந்த லென்ஸாலும் தவிர்க்க முடியாது. அப்போது 61 மெகாபிக்சல் தரவேண்டிய நுணுக்கத்தில் ஒரு பகுதி கரைந்துவிடுகிறது. அதே ஜாடிக்கு நல்ல விளக்கு இரண்டும், ஒரு உறுதியான ஸ்டாண்டும், பின்னால் ஒரு வெள்ளைத் துணியும் வைத்தால் பழைய கேமராவிலேயே படம் ஒளிரும்.

மெய்யாகவே முன்னேறியது எது?

ஒரு தரப்பை மட்டும் சொல்வது நியாயமல்ல. சில விஷயங்களில் நல்ல முன்னேற்றம் இருக்கிறது. ஆளின் கண்ணைத் தானே கண்டுபிடித்து ஃபோகஸ் செய்யும் வசதி அதில் முதன்மையானது. டி850இல் வியூஃபைண்டர் வழியாகப் பார்த்து எடுக்கும்போது அந்த வசதி கிடையாது. மிரர்லெஸ் கேமராக்களில் அது நன்றாக வளர்ந்திருக்கிறது. 2022இன் சோனியில் இதற்கென்றே தனிச் செயலி வைத்து, முகம் திரும்பியிருந்தாலும் உடம்பின் நிலையைக் கொண்டு ஆளை அடையாளம் காணும்படி செய்திருக்கிறார்கள். ஓடுகிற குழந்தையையும் ஊர்வலத்தில் வருகிற மாப்பிள்ளையையும் எடுப்பவருக்கு, ஃபோகஸ் தவறிய படங்கள் குறைவது நேரடி லாபம். தாலி கட்டும் நேரத்தை மறுபடி எடுக்க முடியாது.

கண்ணாடி உள்ள பழைய வகையின் வரவு நின்றுபோனதும் உண்மை. கேனன், நிக்கான் இரண்டும் தங்கள் உயர்வகைக் கண்ணாடிக் கேமராக்களைக் கடைசியாகக் கொண்டுவந்தது 2020இல். அதன்பின் அவர்களின் புது வரவெல்லாம் மிரர்லெஸ்தான். எனவே கண்ணாடி வகை வைத்திருப்பவர் என்றைக்காவது மாறித்தான் ஆகவேண்டும். ஆனால் 'என்றைக்காவது' என்பதற்கும் 'இந்தத் தீபாவளிக்கு' என்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

முதல் கணக்கு

இனி நமக்குத் தெரிந்த கணக்கு. மேல்பணம் 2 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பணத்துக்குப் புளியும் வற்றலும் பருப்பும் வாங்கிப் போட்டு, மாதம் ஒருமுறை சுழன்று, எல்லாச் செலவும் போக 100க்கு 3 ரூபாய் நின்றால், மாதம் 6,000 ரூபாய். வருடம் 72,000. கேமராவில் போட்ட பணம் இதைவிட அதிகம் சம்பாதிக்க வேண்டும். அதுமட்டுமல்ல, புளி மூட்டைக்கு நாளை ஏறக்குறைய அதே விலை கிடைக்கும். கேமராவுக்கு அடுத்த பதிப்பு வந்த அன்றே மறுவிற்பனை விலை இறங்கும். மூன்று வருடத்தில் மேல்பணத்தில் பாதி கரையும் என்று எடுத்தாலும் வருடத்துக்கு 33,000 ரூபாய் தேய்மானம். இரண்டையும் சேர்த்தால் வருடம் ஒரு லட்சத்துக்கு மேல். புதிய கேமரா கூடுதலாக அவ்வளவு வருமானம் கொண்டுவருமா? பழையதில் முடியாத எந்த ஆர்டர் புதியதில் கிடைக்கும்? அந்த ஆர்டரின் பெயரைச் சொல்ல முடிந்தால் வாங்கலாம். சொல்ல முடியாவிட்டால் கையைக் கட்டிக்கொள்வதே நல்லது.

'வட்டியில்லாத் தவணை' என்ற பேச்சைக் கேட்டு மயங்க வேண்டாம். வட்டியே இல்லாத கடன் என்று ஒன்று கிடையாது என்பதை 2013 செப்டம்பரில் ரிசர்வ் வங்கியே வங்கிகளுக்குச் சுற்றறிக்கையாக அனுப்பியது. வட்டி விலையில் ஒளிந்திருக்கும், அல்லது ரொக்கமாக வாங்கினால் கிடைக்கும் தள்ளுபடி போய்விடும். ரொக்க விலை என்ன, தவணையில் மொத்தம் எவ்வளவு என்று இரண்டையும் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள்.

வரி விஷயத்தையும் கவனியுங்கள். டிஜிட்டல் கேமராவுக்கு ஜி.எஸ்.டி. 2019 ஜனவரி 1 முதல் 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. 3 லட்ச ரூபாய்க் கேமராவுக்கு வரி மட்டும் 54,000. சாதாரண முறையில் வரி கட்டுகிற வியாபாரி, தொழிலுக்காக, தொழில் பெயரிலும் எண்ணிலும் பில் வாங்கினால் இதை உள்ளீட்டு வரியாக எடுத்துக்கொள்ளலாம். காம்போசிஷன் முறையில் இருப்பவருக்கு அது கிடையாது. அவருக்குக் கேமரா விலை 54,000 கூடுதல்தான். உள்ளீட்டு வரி எடுத்தவர் அதே வரித் தொகைக்கு வருமான வரியில் தேய்மானமும் கேட்கக் கூடாது. கடைப் பெயரில் வாங்கிவிட்டுச் சொந்த உபயோகத்துக்கு வைத்துக்கொள்வதும் சிக்கலில் கொண்டுபோய் விடும். ஆடிட்டரைக் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

யார் வாங்கலாம்?

பட்டுச் சேலையின் ஜரிகை, நகையின் வேலைப்பாடு, பழைய ஓவியம், சுவடி ஆகியவற்றைப் படமெடுப்பதையே தொழிலாகக் கொண்டவருக்கு அதிகப் புள்ளி பயன்படும். நெசவின் நெருக்கமான இழைகளும் சென்சாரின் புள்ளிகளும் மோதிப் படத்தில் அலை அலையாகக் கோடு விழும் தொல்லை, புள்ளி கூடினால் குறையும். ஆனால் அவரும் ஒன்றைச் சோதிக்க வேண்டும். சோனி ஏ7ஆர் மூன்றாம் பதிப்பிலேயே, அசையாத பொருளைச் சென்சாரைச் சற்றே நகர்த்தி நான்கு முறை எடுத்து ஒன்றாகச் சேர்க்கும் வசதி இருக்கிறது. கையில் இருப்பதை முழுவதும் பயன்படுத்தியாயிற்றா?

தூரத்தில் நின்று எடுத்து, படத்தின் நடுப்பகுதியை மட்டும் வெட்டிக் கொடுக்கிறவருக்கும் இது உதவும். நடுப்பகுதியை மட்டும் எடுக்கும் முறையில் 61 மெகாபிக்சல் கேமரா 26 மெகாபிக்சல் தரும். 42 உள்ளது 18 தரும்.

ஷட்டர் ஆயுள் முடிகிறவர் யோசித்தே ஆகவேண்டும். டி850இன் ஷட்டரை 2 லட்சம் முறைக்குச் சோதித்திருப்பதாக நிக்கான் சொல்கிறது. வருடம் 40 நிகழ்ச்சி, நிகழ்ச்சிக்கு 2,500 படம் என்றால் வருடத்துக்கு ஒரு லட்சம். இரண்டு வருடத்தில் அந்த எண்ணை எட்டிவிடும். அதன்பிறகும் ஓடலாம், ஆனால் முகூர்த்த நாளில் நின்றுவிட்டால் பெயர் போய்விடும். இவர்கூட முதலில் ஷட்டர் மாற்றும் செலவைக் கேட்டுவிட்டு, பிறகு கேமரா விலையைக் கேட்கட்டும்.

வருடத்தில் ஐந்தாறு நாள் மட்டும் பெரிய கேமரா தேவைப்படுகிறவர் வாடகைக்கு எடுக்கலாம். நாளுக்கு 2,500 ரூபாய் என்றாலும், 2 லட்சம் செலவாக 80 நாள் வாடகைக்கு எடுக்க வேண்டும். சொந்த பாக்கெட்டுக்குப் படம் வேண்டும் மளிகைக்காரர் கேமராவே வாங்க வேண்டாம். நமது சங்கத்திலேயே ஸ்டூடியோ வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். ஒரே நாளில் இருபது சரக்கையும் கொண்டுபோய் எடுத்துக்கொண்டால், அவருக்கும் தொழில், உங்களுக்கும் முதல் மிச்சம்.

பிள்ளைகளிடம் எப்படிச் சொல்வது?

இளைஞர்களின் ஆர்வத்தை அடக்குவது என் நோக்கமல்ல. 'வேண்டாம்' என்று ஒரே சொல்லில் முடித்தால் அப்பாவுக்கு ஒன்றும் தெரியவில்லை என்று பிள்ளை நினைக்கும். அதற்குப் பதில் ஒரு நோட்டைக் கொடுத்து மூன்று மாதம் எழுதச் சொல்லுங்கள். பழைய கேமராவால் இழந்த ஆர்டர் எத்தனை? ஃபோகஸ் தவறியதால் வாடிக்கையாளர் திருப்பிய படம் எத்தனை? புள்ளி போதவில்லை என்று திருப்பியது எத்தனை? விளக்கோ லென்ஸோ இல்லாததால் கெட்டது எத்தனை? மூன்று மாத முடிவில் எதை வாங்க வேண்டும் என்பதை அந்த நோட்டே சொல்லிவிடும். அது கேமரா என்று சொன்னால் மனமுவந்து வாங்கிக் கொடுங்கள். அது செலவல்ல, முதல்.

தராசு மாற்றும்போதும், ஃபிரிட்ஜ் மாற்றும்போதும், பில் போடும் மெஷின் மாற்றும்போதும் இதே நோட்டு உதவும். கடன் வாங்கிச் சரக்குப் போடுகிற சிறு வியாபாரிகளாகிய நமக்கு, கைமுதல் முடங்கினால் அடுத்த சீசனில் மொத்தக் கடைக்காரரிடம் பேரம் பேசும் பலம் போய்விடும். அந்தப் பலத்தை இழந்து வாங்கும் கூடுதல் புள்ளிகள் நம் பேரேட்டில் வரவாக ஒருபோதும் ஏறாது. உறுப்பினர்கள் தங்கள் அனுபவத்தையும் மாற்றுக் கருத்தையும் இதழுக்கு எழுதினால் எல்லோருக்கும் பயன்படும்.